ஹால்பர்ட், காப்ளின் தலைவன், ஒரே ஒரு ரியாக்ஷன்: நடைக்குள் வர்றவனை எந்தக் கணத்தில் நிறுத்தலாம்?

நிலைவாசல் (காரைக்குடி)

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதை நடத்துற மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு முடிவுக்கு வரணும்.

வரைபடம் ஒரு செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போற நடை. ஒரு கட்டம் 5 அடி, நடை ஒரு கட்ட அகலம்தான். நடையோட உள்முனை நிலைவாசல்ல ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்) ஹால்பர்ட் (நீளக் கோல்ல பூட்டின கோடாரி) பிடிச்சு நிக்கிறார். அவருக்குப் போலார்ம் மாஸ்டர், சென்டினல் ரெண்டு ஃபீட்டும் (பாத்திரத்தோட சிறப்புத் திறன்) உண்டு. ஹால்பர்ட் வீச்சு 10 அடி. அவர் கட்டம் 0ன்னா 1, 2 ரெண்டும் வீச்சுக்குள்ள, 3 வெளியே. 3ல ஒரு சாதா காப்ளின் (குட்டி அரக்கன்), 4ல காப்ளின் தலைவன்.

அ) தலைவன் தன் டர்ன்ல (தான் ஆடுற வாய்ப்புல) போனஸ் ஆக்ஷன்ல, அதாவது கூடுதல் சிறு செயல்ல, டிஸ்என்கேஜ் (அடிபடாம நகர்ற செயல்) எடுத்துட்டு உள்ளே வந்தா, நுழையுறவனை அடிக்கிற போலார்ம் மாஸ்டர் அடி உண்டா? சென்டினல் இருக்கிறதால டிஸ்என்கேஜ் செல்லாதுன்னு ஃபைட்டர் தரப்பு சொல்லுது.

ஆ) டிஸ்என்கேஜ் எடுக்காம வந்தா அடி எந்தக் கட்டத்துல விழும்? பட்டா எங்க நிப்பான்?

இ) தலைவனுக்கு ரீடைரக்ட் அட்டாக் (தன்மேல வர்ற அடியைப் பக்கத்து காப்ளின்மேல திருப்புற ரியாக்ஷன்) இருக்கு. பக்கத்து காப்ளினோட இடம் மாத்திக்கிட்டா, சென்டினல் அடி பட்டு வேகம் பூஜ்யம் ஆகுறது யாருக்கு?

எங்க மேசைத் தாள்ல தமிழ்ல இப்படித்தான் இருக்கு: "எதிரி வீச்சுக்குள் வரும்போது தாக்கலாம். பட்டால் நின்றுவிடுவான்."

---

மூணாங்கட்டு (தேவகோட்டை)

அ-வுக்கு என் பதில்: அடி உண்டு. டிஸ்என்கேஜுக்கு ஏமாறாத காவல்காரனை உருவாக்கத்தான் சென்டினல். அதை வாங்கினவர்கிட்ட "வெளியே போனாத்தான் செல்லும், உள்ளே வந்தா செல்லாது"ன்னு சொன்னா, ஒரு ஃபீட்டைக் கொடுத்து பாதியைப் பிடுங்கின மாதிரி ஆகும்.

---

பேரேடு (கானாடுகாத்தான்)

தம்பி நிலைவாசல், முதலில் தாளில் உள்ள வாசகத்தை ஒதுக்கி வையுங்கள். சிக்கல் அதில்தான் பிறக்கிறது. மூல விதியில் நான்கு வாசகங்கள் இருக்கின்றன. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தானே வரும்.

ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்: கண்ணுக்குத் தெரியும் பகை உயிர் உன் வீச்சை விட்டு வெளியேறினால், ரியாக்ஷன் (எதிர்வினைச் செயல், ஒன்றுதான் உண்டு) செலவழித்து ஒரு மெலீ (நெருக்கச் சண்டை) அடி. அது வெளியேறுவதற்குச் சற்று முன் நடக்கும்.

டிஸ்என்கேஜ்: அந்த டர்ன் முடியும்வரை உன் நகர்வு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கைத் தூண்டாது.

போலார்ம் மாஸ்டர்: அந்த ஆயுதத்தின் வீச்சுக்குள் நுழைந்தாலும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கைத் தூண்டும்.

சென்டினல்: உன் வீச்சை விட்டு வெளியேறும் முன் டிஸ்என்கேஜ் எடுத்திருந்தாலும் தூண்டும்.

கடைசி வாசகத்தில் "வெளியேறும் முன்" என்று இருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் "டிஸ்என்கேஜ் எடுத்திருந்தாலும் தூண்டும்" என்று மட்டும் நின்றிருந்தால் மூணாங்கட்டு சொல்வது சரி. விதி எழுதியவர் எல்லை போட்டிருக்கிறார். பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்லும் என்பது உண்மைதான், ஆனால் சிறப்புவிதி தன் வாசகம் எட்டும் தூரம்வரைதான் வெல்லும். ஆகவே டிஸ்என்கேஜ் எடுத்து உள்ளே வரும் தலைவனை நுழையும் கட்டத்தில் அடிக்க முடியாது. அதே டர்னில் அவன் 2ஐ விட்டு 3க்குத் திரும்பினால், வெளியேறுவதற்குச் சற்று முன் அடி உண்டு. டிஸ்என்கேஜ் அங்கே அவனைக் காக்காது.

இன்னொன்று. நடை இருட்டாக இருக்கிறதா? காப்ளினுக்கு 60 அடி டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்). மனித ஃபைட்டருக்கு அது கிடையாது. கண்ணுக்குத் தெரியாத எதிரிமேல் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கே இல்லை, ஃபீட் இரண்டும் சும்மா கிடக்கும். ஹால்பர்ட் இரண்டு கை ஆயுதம், எனவே தீப்பந்தத்தை வேறொருவர் பிடிக்க வேண்டும். பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு மேல் 20 அடிக்கு மங்கல் வெளிச்சம் தரும். மங்கலிலும் ஆள் தெரிவான், அடி செல்லும்.

---

மூணாங்கட்டு

வாசகம் அப்படித்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஆட்ட நோக்கத்துக்கு அது பொருந்துதான்னு கேட்பேன். சாதா காப்ளின்லேர்ந்து தலைவன் வரைக்கும் எல்லாருக்கும் நிம்பிள் எஸ்கேப் (போனஸ் ஆக்ஷன்லயே டிஸ்என்கேஜ் எடுக்கவோ ஒளியவோ விடுற திறன்) உண்டு. அப்போ காப்ளின் கூட்டத்துக்கு முன்னாடி இந்த ரெண்டு ஃபீட்டும் வாசல்ல செயலிழந்து போகுது.

---

பேரேடு

முழுதாக இல்லை. நிம்பிள் எஸ்கேப் போனஸ் ஆக்ஷன். டிஸ்என்கேஜுக்குச் செலவழித்தவன் அதே டர்னில் ஆக்ஷனை விடாமல் ஒளிய முடியாது. அடித்துவிட்டு ஓடவும் முடியாது, ஏனென்றால் சென்டினல் வெளியேற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் கடினம் வேண்டுமென்று உங்கள் மேசை தீர்மானித்தால் வீட்டு விதியாக எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. "விதியில் அப்படித்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். விளக்கம் வேறு, மாற்றம் வேறு. இரண்டையும் கலந்தால் அடுத்த சண்டையில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

---

தாயக்கட்டை (ஆத்தங்குடி)

ஆ, இ ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

ஆ: அடி 2ஆம் கட்டத்துல, அவன் கால் வச்ச பிறகு. "நுழையுறதுக்குச் சற்று முன்"னு எடுத்தீங்கன்னா அவன் இன்னும் 3ல, அதாவது 15 அடியில இருக்கான். 10 அடி ஹால்பர்ட் அங்க எட்டாது, ஃபீட்டே செல்லாததாயிடும். வெளியேற்றத்துக்கு முன், நுழைவுக்குப் பின். ரெண்டுலயும் எதிரி வீச்சுக்குள்ள இருக்கிற கணம் அதுதான். பட்டா வேகம் 0, 2லயே நிப்பான். ஃபைட்டருக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு கட்டம் காலி, 5 அடி வாளால அவன் அடிக்க முடியாது. அதுக்கப்புறம் டாஷ் எடுத்தாலும் கூடுற தூரம் வேகத்தைப் பொறுத்தது, வேகம் 0ன்னா கூடுறதும் 0. கையில வில் இருந்தா எய்யலாம், அது மட்டும் மறக்காதீங்க.

இ-தான் ருசியான கேள்வி. ஒரு தாக்குதலுக்குப் படி இருக்கு: இலக்கைத் தேர்ந்தெடு, அட்வான்டேஜ் (சாதகம்) டிஸ்அட்வான்டேஜ் (பாதகம்) பாரு, டி20 (20 முகப் பகடை) உருட்டு, பட்டதா பாரு, சேதம் போடு. ஒவ்வொரு ரியாக்ஷனும் ஒரு படியில ஒட்டிக்கிட்டு இருக்கும். ரீடைரக்ட் அட்டாக் "இலக்காக்கும்போது", அதாவது முதல் படி. புரொடெக்ஷன் சண்டை முறை உருட்டுறதுக்கு முன்னாடி, டிஸ்அட்வான்டேஜ் அதுலதான் கிடைக்குது. பார்டோட (பாடகர் பாத்திரம்) கட்டிங் வேர்ட்ஸ் உருட்டின பிறகு, டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) பட்டதான்னு சொல்றதுக்கு முன்னாடி. ஷீல்டு மந்திரமும் அன்கேனி டாட்ஜும் பட்ட பிறகு.

இதுல நடக்கிற பெரிய தப்பு: ஃபைட்டர் 19 உருட்டினதைப் பார்த்துட்டு டிஎம் "ரீடைரக்ட்"னு சொல்றது. படி தாண்டிப் போச்சு, செல்லாது. எதிர்ப்பக்கத்துத் தப்பும் உண்டு: "தலைவனை அடிக்கிறேன்"னு சொன்ன வேகத்துல ஃபைட்டர் பகடையை உருட்டிடுறது. "இலக்கு தலைவன்"னு சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்க. டிஎம் "சரி"ன்னதும் உருட்டுங்க.

இப்போ கட்டம் எண்ணிப் பார்ப்போம். தலைவன் வேகம் 30. 4லேர்ந்து 3க்கு வர்றான், அங்க காப்ளின் நிக்கிறதால கடினத் தரை, 10 அடி செலவு. 3லேர்ந்து 2க்கு 5 அடி. மொத்தம் 15. 2ல கால் வச்சதும் ஃபைட்டர் இலக்காக்குறார். தலைவன் ரீடைரக்ட் சொல்றான்: அவன் 3க்கு, காப்ளின் 2க்கு. இலக்கு இப்போ காப்ளின். பட்டா வேகம் 0 ஆகுறது காப்ளினுக்குத்தான், ஏன்னா சென்டினல் "பட்ட உயிர்"ங்குது. தலைவனுக்கு இன்னும் 15 அடி மிச்சம். காப்ளின் உயிரோட நின்னா அவனைத் தாண்டி 2க்கு 10 அடி, 2லேர்ந்து 1க்கு 5 அடி. சரியா 15. ஃபைட்டர் மூக்குக்கு நேரா வந்துட்டான், மல்டிஅட்டாக்ல ரெண்டு அடி. ஃபைட்டரோட ரியாக்ஷன் தீர்ந்து போச்சு.

காப்ளின் செத்தா 2 காலி, தலைவனுக்கு 5 அடி மிச்சப்படும். காப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. ஹால்பர்ட் சேதம் 1டி10 (10 முகப் பகடை ஒண்ணு), ஸ்ட்ரெங்த் (வலிமை) +3ன்னா 4ம் அதுக்கு மேலயும் விழுந்தா போதும், பட்ட அடியில 100க்கு 70 சாவு.

---

பள்ளத்தூரான்

ஆச்சி, இடம் மாறும்போது காப்ளின் 3லேர்ந்து 2க்கு வர்றானே. அதுவும் வீச்சுக்குள்ள நுழையுறதுதானே? பக்கத்துல இன்னொரு போலார்ம் மாஸ்டர் இருந்தா அவர் அடிக்கலாமா?

---

தாயக்கட்டை

காப்ளினை முடியாது. தன் நகர்வு, ஆக்ஷன், ரியாக்ஷன் எதையும் செலவழிக்காம இன்னொருத்தர் நகர்த்தினா ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் தூண்டாது. காப்ளின் எதையும் செலவழிக்கலை. தலைவன் தன் ரியாக்ஷனைச் செலவழிச்சிருக்கான், அதனால அந்த விலக்கு அவனுக்குக் கிடையாது. இடம் மாறுறப்போ ரெண்டாவது ஆளோட வீச்சை விட்டு அவன் வெளியேறினா, அந்த ஆள் ரியாக்ஷன் வச்சிருந்தா அடிக்கலாம். டிஸ்என்கேஜ் முன்னாடியே எடுத்திருந்தா இதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பல மேசையில விட்டுடுறாங்க.

---

மூணாங்கட்டு

இதை ஒத்துக்கிறேன், நல்ல எண்ணிக்கை. இன்னொரு வழக்கமான தப்பையும் சேர்த்துடுங்க: சென்டினலோட மூணாவது பகுதி. 5 அடிக்குள்ள இருக்கிற எதிரி வேற ஒருத்தரை அடிச்சா ரியாக்ஷன்ல திருப்பி அடிக்கலாம். அது ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் இல்லை, சாதா ரியாக்ஷன் அடி. அதனால பட்டாலும் வேகம் 0 ஆகாது. தூரமும் 5 அடிதான், ஹால்பர்ட் வீச்சு 10ங்கிறது அங்க உதவாது.

---

பள்ளத்தூரான்

2024 விதிகள்ல?

---

பேரேடு

முற்றிலும் மாறிவிட்டது. அங்கே போலார்ம் மாஸ்டரின் நுழைவு அடி ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் இல்லை, தனி ரியாக்ஷன். ஆகவே டிஸ்என்கேஜ் எடுத்து வந்தாலும் அடிக்கலாம். ஆனால் சென்டினலின் வேகம் 0 ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்குக்கு மட்டும் என்பதால் நுழைபவனை நிறுத்த முடியாது. ஒரு பக்கம் திறந்தது, இன்னொரு பக்கம் அடைத்தது. சென்டினலில் இப்போது 5 அடிக்குள் இருப்பவன் டிஸ்என்கேஜ் எடுத்தவுடனேயே அடி உண்டு, அவன் நகரக் காத்திருக்க வேண்டாம். ஒரு மேசையில் இரண்டு பதிப்புத் தாள்களும் கலந்து கிடந்தால், சண்டை தொடங்குமுன் எந்த ஆண்டு விதி என்று கேட்டுவிடுங்கள். "இணையத்தில் இப்படிப் போட்டிருக்கிறது" என்று வரும் தகராறுகளில் பல இப்படி ஆண்டு குழம்பியவைதான்.

---

நிலைவாசல்

ரொம்ப நன்றி அண்ணே, ஆச்சி. மூணுக்கும் விடை கிடைச்சுது. இன்னொன்னு. சிவகங்கைச் சீமையில கதை நடக்கிறதால மருது சகோதரர் காலத்து வளரியை (வளைஞ்ச எறிகருவி) சேர்த்திருக்கோம். சேதம், தூரம் ஜாவலின் (எறி ஈட்டி) மாதிரி: 1டி6, சாதாரண தூரம் 30, அதிகபட்சம் 120 அடி, ஸ்ட்ரெங்த். திறனை இப்படி எழுதியிருக்கு:

"காலறு வீச்சு: வளரி வீசும்போது எதிரியின் காலில் பட்டால் கீழே விழுவான். ஒரு முறைக்கு ஒருமுறை. வளரி திரும்ப வரும்."

எங்க ஓட்டை இருக்கு?

---

தாயக்கட்டை

தம்பி, மூணு வரியிலயும் ஓட்டை இருக்கு. வரிசையாப் பார்ப்போம்.

"காலில் பட்டால்": இந்த ஆட்டத்துல உறுப்பைக் குறிவைக்கிற விதி கிடையாது. கால்ல பட்டதுன்னு யார் சொல்றது? பட்டா பட்டதுதான்னு வைங்க. அப்புறம் டிராகனும் விழுமா? அளவு வரம்பு போடணும். சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டுறது) இல்லாம எல்லாரும் விழுந்தா, அந்த ஆயுதத்தைத் தவிர வேற எதையும் யாரும் எடுக்க மாட்டாங்க.

"ஒரு முறைக்கு ஒருமுறை": தமிழ்ல விதி எழுதுறதுல இதுதான் பெரிய குழி. "முறை"ன்னா தடவையும் ஆகும், டர்னும் ஆகும். ஒரு ரவுண்டுக்கா, டர்னுக்கா, சண்டைக்கா? ரவுண்டை "சுற்று"ன்னு எழுதுங்க, டர்னை டர்ன்னே விடுங்க, எண்ணிக்கைக்குத் "தடவை". மூணும் மூணு சொல். அதுலயும் "உன் டர்னில் ஒரு தடவை" வேற, "ஒவ்வொரு டர்னிலும் ஒரு தடவை" வேற. ரெடி ஆக்ஷன் (செயலை முன்கூட்டியே தயாரா வைக்கிறது) வச்சு எதிரி டர்ன்ல வீசினா முதல் வாசகத்துல திறன் வேலை செய்யாது, ரெண்டாவதுல செய்யும். ரோக்கோட (மறைஞ்சு தாக்குற பாத்திரம்) ஸ்னீக் அட்டாக் ரெண்டாவது ரகம். அதனாலதான் அவங்க ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்லயும் அதைப் போடுறாங்க.

"திரும்ப வரும்": எப்போ? தாக்குதல் முடிஞ்சதுமா, டர்ன் முடிஞ்சதுமா? எக்ஸ்ட்ரா அட்டாக் இருக்கிறவருக்கு இது ஒரு வீச்சா ரெண்டு வீச்சாங்கிற கணக்கு. பட்டாலும் வருமா, தவறினா மட்டுமா? கை காலியா இல்லேன்னா? திரும்பி வர்றதால மந்திர ஆயுதம்னு ஒருத்தர் வாதாடுவார், அதுக்கும் பதில் எழுதணும்.

---

பேரேடு

ஆச்சி சொன்னதை வைத்து ஒரு வாசகம்:

"காலறு வீச்சு. உன் டர்னில் ஒரு தடவை, எறிந்த வளரி 30 அடிக்குள் உள்ள, லார்ஜ் அளவோ அதற்குச் சிறியதோ ஆன ஓர் உயிர்மேல் பட்டவுடன், சேதத்தைக் கழித்த பிறகு, அந்த உயிர் ஸ்ட்ரெங்த் சேவிங் த்ரோ போட வேண்டும். டிசி (எட்ட வேண்டிய எண்) 8 + உன் ப்ரொஃபிஷியன்சி போனஸ் + உன் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர். தோற்றால் ப்ரோன் ஆகும் (கீழே விழும்). பட்டாலும் தவறினாலும் தாக்குதல் முடிந்தவுடன் வளரி உன் காலி கைக்குத் திரும்பும். காலி கை இல்லாவிட்டால் உன் கட்டத்தில் விழும். இதனால் வளரி மந்திர ஆயுதம் ஆகாது."

கணக்கு: ப்ரொஃபிஷியன்சி 2, ஸ்ட்ரெங்த் +3 என்றால் டிசி 13. காப்ளினுக்கு ஸ்ட்ரெங்த் -1. 13 வரை உருட்டினால் தோற்கும், 100க்கு 65. ஓகருக்கு (பெரிய அரக்கன்) +4. 8 வரை தோற்கும், 100க்கு 40. நியாயமான அளவு. ஃபினெஸ் (வலிமைக்குப் பதில் லாகவத்தாலும் தாக்கவிடும் ஆயுதப் பண்பு) சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் யோசித்துக் கொடுங்கள். அப்போது ஸ்னீக் அட்டாக் ஒரு புறம், டிசிக்கு எந்த மாடிஃபையர் என்ற கேள்வி இன்னொரு புறம் முளைக்கும்.

---

மூணாங்கட்டு

இதுல ஹால்பர்ட்காரருக்கு ஒரு பாதகம் இருக்கு. ப்ரோன் ஆனவனை 5 அடிக்குள்ள இருந்து அடிச்சாத்தான் அட்வான்டேஜ். அதுக்கு மேல இருந்து அடிச்சா டிஸ்அட்வான்டேஜ், அது வில்லா ஹால்பர்ட்டான்னு விதி பார்க்காது. 2ஆம் கட்டத்துல காப்ளினை விழ வச்சா, நிலைவாசல்ல நிக்கிற ஃபைட்டர் 10 அடியிலேர்ந்து டிஸ்அட்வான்டேஜோட அடிக்கணும். வளரி வீசுறவர் ஃபைட்டருக்கு முந்தி டர்ன் வச்சிருந்தா நண்பனுக்கே இடைஞ்சல் பண்ணுவார்.

ஃபைட்டர் டர்ன் முடிஞ்சு, காப்ளின் டர்ன் வர்றதுக்கு முன்னாடி வீசுறதுதான் சரியான வரிசை. எழுந்திருக்கப் பாதி வேகம், 30ல 15 போயிடும்.

---

பள்ளத்தூரான்

இதோட ஒண்ணு கேட்டுக்கிறேன். ஹெவி ஆர்மர் மாஸ்டர் ஃபீட் சேதத்துல 3 கழிக்கும், ஸ்டோன்ஸ்கின் மந்திரம் பாதியாக்கும். 23 சேதம் வந்தா எது முதல்ல?

---

பேரேடு

கூட்டல் கழித்தல் முதலில், ரெசிஸ்டன்ஸ் (சேதத்தைப் பாதியாக்குவது) கடைசியில். 23இல் 3 போக 20, பாதி 10. தலைகீழாகச் செய்தால் 11, பிறகு 8 என்று வரும். அது தவறு. பின்னம் வந்தால் எப்போதும் கீழே தள்ளுங்கள்.

---

நிலைவாசல்

அண்ணே, ஆட்டத்துக்கு நடுவுல இந்த மாதிரி கேள்வி வந்தா இவ்வளவு நேரம் பேச முடியாது. அப்போ என்ன பண்றது?

---

பேரேடு

செட்டிநாட்டுக் கணக்கு முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு வந்ததைச் சிட்டையில் குறிப்பார்கள், பிறகு சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். மேசைக்கும் இரண்டு நோட்டு போதும்.

சண்டை நடுவில் சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம். திறனின் வாசகத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், நினைவிலிருந்து சொல்லக் கூடாது. பிறகு நான்கு கேள்வி: இது ஆக்ஷனா, போனஸ் ஆக்ஷனா, ரியாக்ஷனா? எது தூண்டுகிறது? அதற்கு முன்பா பின்பா? எத்தனை தடவை, எதுவரை நீடிக்கும்? "முன்பா பின்பா" என்று வாசகம் சொல்லாவிட்டால் ரியாக்ஷன் தூண்டுதல் முடிந்த பிறகு நடக்கும். ஒரே டர்னில் இரண்டு விளைவு ஒரே கணத்தில் வந்தால், அந்த டர்னுக்கு உரியவரை ஆட்டுவிப்பவரே வரிசையைச் சொல்வார். இதற்குப் பிறகும் தெளியாவிட்டால் டிஎம் சொல்வதே அன்றைக்கு முடிவு. சிட்டையில் ஒரு வரி: தேதி, திறன், முடிவு.

ஆட்டம் முடிந்த பிறகு புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுங்கள். சிட்டை முடிவு தவறென்று தெரிந்தால் அடுத்த ஆட்டத்திலிருந்து மாறும். நடந்து முடிந்த சண்டையைத் திரும்பக் கிளறக் கூடாது. செத்த காப்ளின் செத்ததுதான். ஃபைட்டருக்குச் சொன்ன விளக்கம் காப்ளினுக்கும் செல்ல வேண்டும்; எதிரி கையில் ஹால்பர்ட் வரும் நாளில் அதே வரியைப் படிப்பீர்கள்.

---

தாயக்கட்டை

தாயத்துலயே பாருங்க. ஒரு காயாவது வெட்டினாத்தான் உள்ளே ஏறலாமா, வெட்டாமலே ஏறலாமான்னு வீட்டுக்கு வீடு மாறும். 1, 5, 6, 12க்கு மறுபடி போடுறதை எத்தனை தரம் அனுமதிக்கிறதுங்கிறதும் அப்படித்தான். காய் இறக்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்குவாங்க. முதல் ஆட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன் திறன்ல ரெண்டு அர்த்தம் வர்ற இடத்தைச் சொல்லிட்டா, பேரேட்டோட முதல் பக்கம் அன்னைக்கே நிரம்பிடும்.

---

நிலைவாசல்

பேரேட்டுக்கு முதல் வரி எழுதிட்டேன், சரியா பாருங்க:

"போலார்ம் மாஸ்டர் (2014): கண்ணுக்குத் தெரியும் எதிரி, டிஸ்என்கேஜ் எடுக்காமல், தன் நகர்வால் எட்டு தூரத்துக்குள் நுழையும்போது ரியாக்ஷனில் ஓர் அடி. சென்டினல் இருந்து, பட்டால், பட்ட உயிரின் வேகம் அந்த டர்ன் முடியும்வரை 0."

---

தாயக்கட்டை

ரெண்டு திருத்தம். "எட்டு தூரம்"னு எழுதினா 8 அடின்னு படிச்சிடுவாங்க, "வீச்சு"ன்னு போடுங்க. "நுழையும்போது"ங்கிறதை "நுழைந்தவுடன்"னு மாத்துங்க. "போது"ன்னா பாதி கால் உள்ளே பாதி கால் வெளியேன்னு ஒருத்தர் கட்டம் 3ல நிறுத்தச் சொல்வார். மத்தது சரி.

---

நிலைவாசல்

மாத்திட்டேன் ஆச்சி. வளரித் தாளையும் அண்ணன் எழுதின வாசகத்துக்கே மாத்தியாச்சு. தீப்பந்தத்தை யார் பிடிக்கிறதுன்னு மட்டும் ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிக்கிறோம்.